பூனாவில் பிறந்த மாணவன்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15 அன்று லோயர் கேம்ப் மணிமண்டபத்தின் முன் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் பொங்கலிட்டு ஜான் பென்னிகுயிக்கை வணங்குகிறார்கள். அது அவருடைய பிறந்த நாள். அதற்கு இரண்டு நாள் முந்தைய தேதியை யாரும் நினைவுகூர்வதில்லை. 1849 ஜனவரி 13 அன்று, சிலியன்வாலாப் போர்க்களத்தில் அவருடைய தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டனர். அண்ணனுக்கு வயது 17. ஜானுக்கு எட்டு நிரம்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது.

1841இல் பூனாவில் பிறந்தவர் அவர். இங்கே பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகள் படிப்புக்காகக் கடல் கடந்து அனுப்பப்படுவது அன்றைய வழக்கம். இங்கிலாந்தை அவர்கள் தாயகம் என்றே சொல்லிக்கொண்டார்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கோ அது பார்த்திராத தேசம். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம். ஒரு கடிதம் போய்ச்சேரவே வாரக்கணக்கில் ஆகும். இன்று தேனி மாவட்டத்திலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளை இரவில் தாயின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு உறங்கலாம். தந்தையை இழந்த அந்தச் சிறுவனின் தனிமையை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

செல்டன்ஹாம் கல்லூரியில் பள்ளிப் படிப்பு. அடுத்து, லண்டனை அடுத்த அடிஸ்கோம்பில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய ராணுவக் கல்லூரி. கணிதம், நில அளவை, கோட்டை அமைப்பு, வரைபடம் ஆகியவற்றோடு இந்துஸ்தானியும் அங்கே பாடம். தேர்வில் முன்னிலை பெறுவோருக்கே பொறியியல் படைப்பிரிவு கிடைக்கும். மற்றவர்கள் பீரங்கிப் படைக்கோ காலாட்படைக்கோ போகவேண்டும். 1858 இறுதியில், 17 வயதில், பென்னிகுயிக் சென்னைப் பொறியாளர் படைக்குத் தேர்வானார். கல்லூரியை நடத்திய கம்பெனியின் ஆட்சி அதே ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. 1860இல் இந்தியா வந்தார். கூடலூரிலும் கம்பத்திலும் இந்துஸ்தானியை வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு தூரம் பேசியிருக்க முடியும்?

அதற்குப் பிந்தைய கதை இவ்வட்டாரம் அறிந்தது. மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1887இல் தொடங்கிய வேலையை வெள்ளமும் காய்ச்சலும் மாறி மாறித் தாக்கின; தொழிலாளர் பலர் மடிந்தனர். 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. மலையடிவாரத்தில் பணிக்காக அமைந்த முகாம்தான் இன்றைய லோயர் கேம்ப். இங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரால்தான். வீட்டையும் நகையையும் விற்று அவர் அணை கட்டினார் என்ற செவிவழிக் கதையே மேடைகளில் அதிகம் ஒலிக்கிறது. அது இல்லாமலே கனமான வாழ்க்கை அவருடையது.

அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. 1896 முதல் 1899 வரை இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்கு அவர் தலைவராக இருந்தார். இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களை உருவாக்கிய கல்லூரி அது. முன்பின் பார்த்திராத நாட்டுக்குக் கப்பலேறக் காத்திருந்த இளைஞர்களின் முன்னே, அதே வயதில் கப்பலேறிய ஒருவர் நின்றார்.

1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார். 2022இல் அந்த ஊரில் தமிழ்நாடு அரசு அவருக்குச் சிலை நிறுவியது.