வத்திராயிருப்பிலிருந்து வந்த காந்தக்காரர்

விருதுநகர் மாவட்டம்னா வெளியூர்க்காரங்களுக்குப் பட்டாசும் தீப்பெட்டியும் எண்ணெய் பரோட்டாவும்தான் ஞாபகம் வரும். அதே மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ல் பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். பேரைக் கேள்விப்பட்டவங்களும் ராமன் விளைவோட நிறுத்திடுவாங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, அப்புறம் கல்கத்தாவில் சி.வி. ராமன். 1928-ல் அந்த விளைவை அறிவிச்ச நேச்சர் கடிதத்தில் ரெண்டு பேர் பேரும் இருக்கு. 1930 நோபல் ராமனுக்கு மட்டும். கிருஷ்ணனோ அதுக்குள்ள டாக்கா பல்கலைக்கழகத்தில் வேற வேலையில் இறங்கிட்டார். என்னைக் கேட்டா, அதுதான் அவரோட சொந்தக் கதை.

ஒரு படிகம் எல்லாத் திசையிலயும் ஒரே அளவுக்குக் காந்தமாகாது. அந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது, அதை எப்படி அளக்குறது? மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைக் கட்டி, காந்தத்தோட ரெண்டு முனைக்கு நடுவில் தொங்கவிட்டார். படிகம் தனக்குப் பிடிச்ச திசையில் போய் நிக்கும். இப்போ இழையோட மேல்நுனியை முறுக்கணும். படிகம் கொஞ்சம் கொஞ்சமா விலகும், ஆனா காந்தப்புலம் விடாது. 45 டிகிரி தாண்டினதும் சட்டுனு புரண்டுடும். அந்த நிமிஷம் வரைக்கும் எவ்வளவு முறுக்கினோம்ங்கிறதை வெச்சு வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுடலாம். அவ்வளவுதான் கருவி! 1933-ல் கல்கத்தா திரும்பின பிறகும் இந்த வேலை தொடர்ந்துச்சு, கிராஃபைட்டையும் அளந்தாங்க.

இன்னைக்கு கைரல் காந்தங்கள்னு ஒரு வகையை ஆராயுறாங்க. இடது கை, வலது கை மாதிரி, கண்ணாடி பிம்பத்தோட பொருந்தாத அடுக்கு உள்ள படிகங்கள். மாங்கனீஸ் சிலிசைடைச் சுமார் 29 கெல்வினுக்குக் கீழே குளிர்விச்சா, அணுக்களோட காந்தத் திசை திருகாணி மரை மாதிரி சுத்திக்கிட்டே போகும். நியூட்ரானே ஒரு குட்டிக் காந்தம். அதனால நியூட்ரான் கற்றை சிதறுறதை வெச்சு அந்தத் திருகலையும், சூடு ஏறும்போது அது கலையுறதையும் பார்க்கலாம். கிருஷ்ணன் டாக்காவில் ஆரம்பிச்சப்போ நியூட்ரானையே யாரும் கண்டுபிடிக்கலை, அது 1932-ல். அவர் இழை படிகம் முழுசுக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்லும், நியூட்ரான் அணு அடுக்கு வரைக்கும் போகும். ஆனா காந்தம் எந்தப் பக்கம் பார்க்குதுங்கிற கேள்வி அதேதான்.

1940-ல் ராயல் சொசைட்டி ஃபெலோ, 1942-ல் அலகாபாத் பேராசிரியர், 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட முதல் டைரக்டர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் ஆராய்ச்சியை விடலை. மின்சாரத்தில் சூடாகிற கம்பியில் வெப்பநிலை எப்படிப் பரவுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தார். 1958-ல் பட்நாகர் விருதை முதன்முதலா கொடுத்தப்போ அது அவருக்குத்தான் போச்சு. 1961 ஜூனில் இறந்தார்.