இரண்டையும் அறிந்த பொறியாளர்

எங்கள் விடுதி நண்பர் ஒருவருக்கு அவருடைய பாட்டனாரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாயிற்று. இரட்டைக் கார்புரேட்டர் பூட்டிய வண்டி. அதைப் புதுப்பிக்கும்போது கார்புரேட்டர்களையே வைத்துக்கொள்வதா, அவற்றைக் கழற்றிவிட்டு எரிபொருள் பீச்சும் முறையைப் பொருத்துவதா என்று ஓரிரவு வாதிட்டோம். பீச்சுமுறையின் பக்கம் நின்று உரக்கப் பேசி வென்றவன் நான். ஆனால் ஒரு கார்புரேட்டரையேனும் நான் கையால் திறந்து பார்த்ததில்லை! அந்த வெட்கத்தில் என் நினைவுக்கு வந்தவர் ருடால்ஃப் ஊலன்ஹவுட்.

அவர் 1906-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை ஜெர்மானியர், தாய் ஆங்கிலேயர். மியூனிக் நகரில் பொறியியல் பயின்று, 1931-இல் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு முதலில் கிடைத்த பணி கார்புரேட்டர்களைச் சீராக்குவதே. 1936-இல், முப்பதாம் வயதில், பந்தயக் கார்ப் பிரிவின் தொழில்நுட்பப் பொறுப்பு அவரிடம் வந்தது. பந்தய வீரராக இல்லாதிருந்தும், குறையைத் தாமே உணர வேண்டும் என்று நூர்பர்க்ரிங் பாதையில் காரைத் தாமே ஓட்டிச் சோதித்தார். அந்தச் சோதனையின் பயனாகப் பிறந்த டபிள்யூ 125 கார், 1937-இல் காரச்சோலாவை ஐரோப்பிய வாகையராக்கியது.

போருக்குப் பின் அவர் உருவாக்கிய 300 எஸ்எல், 1952-இல் லெ மான் பந்தயத்தில் வென்றது. அதன் எஞ்சினில் இருந்தவை மூன்று சோலெக்ஸ் கார்புரேட்டர்கள்.

கார்புரேட்டர் எளிய கருவி. காற்று குறுகிய கழுத்தைக் கடக்கையில் அழுத்தம் குறைகிறது. அதுவே பெட்ரோலை நுண்துளை வழியே இழுக்கிறது. ஆனால் அக்கழுத்தே காற்றுக்குத் தடையும் ஆகிறது. வளைவில் விரைந்தால் மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்குகிறது. மலையேறினால் காற்று மெலிந்து, கலவையில் பெட்ரோல் மிகுகிறது.

1954-இல் விற்பனைக்கு வந்த 300 எஸ்எல்லில் கார்புரேட்டர் இல்லை. ஆறு சிலிண்டர்களுக்கும் தனித்தனியே அளந்து, நேரே உள்ளே பெட்ரோலைப் பீச்சும் பாஷ் பம்பு அதில் இருந்தது. விமான எஞ்சின்களில் பழகிய இம்முறையைக் காருக்குக் கொணர்ந்ததில் ஹான்ஸ் ஷெரன்பெர்க்குக்கும் பெரும்பங்கு உண்டு. ஏறத்தாழ 170 குதிரைத்திறனாக இருந்த ஆற்றல் 215 ஆயிற்று.

குறையும் இருந்தது. விசையை அணைத்த பின்னும் எஞ்சின் சுழன்று நிற்கும் வரை பம்பு பீச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்கும். எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். அதே நிறுவனம் 1955-இல் விலை குறைந்த 190 எஸ்எல்லுக்கு இரண்டு கார்புரேட்டர்களையே பொருத்தியது. பந்தய வேகம் வேண்டாத வண்டிக்கு அவை போதும் அன்றோ?

அவ்வாண்டு லெ மானில் நேர்ந்த விபத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டிறுதியில் நிறுவனம் பந்தயத்தை விட்டு விலகியது. பந்தயத்துக்கென அமைத்து ஓடாமற்போன 300 எஸ்எல்ஆர் கூப்பே ஒன்றை ஊலன்ஹவுட் சாலையில் ஓட்டிவந்தார். 1972-இல் ஓய்வு பெற்று, 1989-இல் மறைந்தார். அவர் பெயரால் அழைக்கப்படும் அவ்வகைக் கார் ஒன்று 2022-இல் 13.5 கோடி யூரோவுக்கு விலைபோனது. அத்தொகை இளைஞர் கல்விக்கான நிதியாயிற்று.

நண்பர்களே, கார்புரேட்டரைப் பழித்தவர் அல்லர் அவர். அதன் உள்ளும் புறமும் அறிந்து, அதன் எல்லை எதுவென்று கண்டவர். நானோ எல்லையை அறியாமலே தீர்ப்புச் சொன்னவன்.

மறுநாள் நண்பரிடம் என் வெற்றியைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது அந்த இரட்டைக் கார்புரேட்டர்கள் பட்டறை மேசையில் பிரித்துக் கிடக்கின்றன. நுண்துளைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். முடிவு பிறகு.