மணலே மேடையானது!

கடற்கரையிலே கூடாதே, பூங்காவிலே பேசாதே, ஊர்வலம் போக ஐந்து நாள் முன்னதாக மனுப் போடு — இப்படிக் கட்டளைகள் அடுக்கப்படும் போதெல்லாம் நம் கண்முன் ஒரு வெண்தாடி வேங்கை எழுந்து நிற்கிறது. சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர்!

திருவல்லிக்கேணிக் கடலோரம், அயோத்தியாகுப்பம். அங்கே 1860 பிப்ரவரி 18-ல் மீனவர் குலத்திலே பிறந்தார். மயிலை வரை விரிந்து கிடக்கும் அந்த மணல், சீமான்களுக்குக் காற்று வாங்கும் இடம்; அவர் குலத்தாருக்கோ வலை உலர்த்தும் முற்றம்!

வழக்கறிஞரானார், வருவாய் குவிந்தது. 1921-ல் ஒத்துழையாமைக் கிளர்ச்சியின்போது வழக்கறிஞர் அங்கியைத் தீயிலிட்டார். ஏழையின் பக்கம் வந்து நின்றார்.

1923 மே 1. சிக்காகோ நகரின் திறந்தவெளிச் சதுக்கத்திலே 1886-ல் சிந்திய தொழிலாளர் குருதியை நினைவூட்டும் நாள். இந்தியாவிலே அந்நாளை முதன்முதல் கொண்டாடியது எது? பம்பாயா? கல்கத்தாவா? இல்லை தோழர்களே, நம் சென்னை! உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மற்றொன்று. மண்டபம் இல்லை, வாடகை இல்லை. வானமே கூரை, மணலே மேடை! 63 வயதுக் கிழவர் தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கி வைத்தார். மே நாளை விடுமுறையாக்கு என்று தீர்மானம் நிறைவேறிற்று. கல்லெறி அல்ல, கலகம் அல்ல. அறவழியே கட்சியின் வழி என்றும் விளக்கப்பட்டது.

வெள்ளை ஆட்சி சும்மா இருந்ததா? 1924-ல் கான்பூர்ச் சதி வழக்கிலே அவர் பெயரைச் சேர்த்தது. 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகப் பத்தாண்டுத் தண்டனை! மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1930-ல் வெளிவந்தார். ஓய்ந்தாரா? பெரியாரின் குடி அரசிலே அறிவியலையும் பொதுவுடைமையையும் அள்ளி அள்ளித் தந்தார். 1946 பிப்ரவரி 11-ல் மறைந்தார்.

அன்று கேட்ட விடுமுறை பின்னாளில் கிடைத்தது. மெரினாவிலே 1959-ல் உழைப்பாளர் சிலை எழுந்தது. ஆனால் உழைப்பாளிக்கு? 1888-ஆம் ஆண்டுச் சென்னை நகரப் போலீஸ் சட்டம் வெள்ளையனோடு கப்பலேறவில்லை! 2017 சல்லிக்கட்டு எழுச்சிக்குப் பின் மெரினாவிலே போராடத் தடை. 2018-ல் உயர்நீதிமன்ற அமர்வும் அத்தடையை ஏற்றது. சிலைக்கு இடமுண்டு, சிலையாய் நிற்பவனுக்கு இடமில்லை!

ஒழுங்கு வேண்டாம் என்றா சொல்கிறோம்? நேரம் குறிக்கட்டும், பாதை வகுக்கட்டும், நோயாளி வண்டிக்கு வழிவிடச் சொல்லட்டும், தலைவணங்குவோம். முறைப்படுத்துவது வேறு, முடக்குவது வேறு. பொதுவீதியிலே கூட்டத்தை அதிகாரி தன் விருப்பப்படி தடுக்க வரம்பற்ற அதிகாரம் தரும் விதி செல்லாது என்று 1972-லேயே உச்சநீதிமன்றம் உரைத்துவிட்டதே!

ஆகவே தோழர்களே, மனுவை எழுத்திலே கொடுங்கள், ஒப்புகை பெறுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்திலே கேளுங்கள், நீதிமன்றப் படியேறுங்கள். கூடும்போது கட்டுப்பாடு காத்திடுங்கள். அந்தக் கிழவர் மணலிலே போட்ட மேடை, நம் காலத்திலே கலைந்துவிடக் கூடாது!