பனிப்படிகம் வளர்த்தவர்

ஞாயிற்றையோ திங்களையோ சுற்றிச் சில நாள்களில் வெண்ணிற வளையம் ஒன்று தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். ஊர்கோள், பரிவேடம் என்பன அதற்கு நம் மொழியில் வழங்கும் பெயர்கள்; நிலவு கோட்டை கட்டியிருக்கிறது என்பது ஊர்வழக்கு. மிக உயரத்தில் மிதக்கும் மென்மையான மேகங்களின் பனிப்படிகங்களே அவ்வளையத்தைத் தோற்றுவிக்கின்றன. அப்படிகங்கள் எச்சூழலில் எவ்வடிவம் கொள்ளும் என்பதை ஆய்வகத்தில் வளர்த்தே காட்டியவர், ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா.

நகாயா 1900ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் இஷிகாவா மாநிலத்தின் கட்டயாமாசு என்னும் ஊரில் பிறந்தார். டோக்கியோவில் தொராஹிகோ தெராடாவிடம் இயற்பியல் பயின்றார். தெராடா சிறந்த கட்டுரையாளருமாவார். அன்றாட நிகழ்வுகளை ஆராயும் நாட்டம் ஆசிரியரிடமிருந்தே மாணவருக்கு வந்தது எனலாம். பின்னர் லண்டன் சென்று எக்ஸ் கதிர்களை ஆராய்ந்தார்.

1930இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றபோது, முன்னைய ஆய்வைத் தொடர்வதற்கேற்ற கருவிகள் அங்கு இல்லை. குறைவின்றிக் கிடைத்தது பனி ஒன்றே. அமெரிக்க உழவர் வில்சன் பென்ட்லியின் பனிப்படிக ஒளிப்படத் தொகுப்பு 1931இல் வெளிவந்து அவரை ஈர்த்தது. பென்ட்லி பெரிதும் நாடியது அழகும் சமச்சீரும் வாய்ந்த படிகங்களை. நகாயாவோ ஊசி, தூண், உருக்குலைந்த திரள் என விழுந்தவற்றையெல்லாம் படமெடுத்தார். தொக்காச்சி மலைக்குடிலில் கடுங்குளிரில் தங்கி அவர் திரட்டிய படங்கள் ஏறத்தாழ 3000. அழகற்றதையும் ஒதுக்காத அந்நேர்மையே அவரது வகைப்பாட்டிற்கு வலிமை தந்தது.

அடுத்து, படிகத்தைத் தாமே வளர்க்க முனைந்தார். குளிரறையில் நீரைச் சூடாக்கி, எழும் ஆவியை மேலே குளிரச் செய்தார். வானில் படிகம் மிதந்தவாறே வளர்கிறது. ஆய்வகத்தில் அதனைத் தாங்க ஓர் இழை வேண்டும். பருத்தி இழையிலும் பட்டிழையிலும் உறைபனி கம்பளிப்புழுபோல் அப்பிக்கொண்டதேயன்றித் தனிப்படிகம் தோன்றவில்லை. முயற்சிகள் பல வீணாயின. இறுதியில் கைகொடுத்தது முயலின் மயிர். அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய முடிச்சுகளில் மட்டுமே பனி பற்றியது. 1936ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் முதல் செயற்கைப் பனிப்படிகம் உருவாயிற்று.

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றி வளர்த்து, முடிவுகளை ஒரே வரைபடத்தில் அடக்கினார். சுழியத்திற்குக் கீழ் 5 பாகை செல்சியஸ் அளவில் ஊசிகளும் தூண்களும், 15 பாகை அளவில் ஈரம் மிகுந்தால் கிளைவிட்ட விண்மீன் வடிவங்களும் வளர்ந்தன. 1954இல் அவரது ஆங்கில நூல் வெளிவந்தது. 1962இல் நகாயா மறைந்தார்.

வடிவம் மாறினால் ஒளியின் வழியும் மாறும். வழுவழுப்பான அறுகோணப் படிகத்தின் ஒரு பக்கத்தில் நுழைந்து, அதனுடன் 60 பாகை சாய்ந்த மற்றொரு பக்கத்தில் வெளியேறும் ஒளி ஏறத்தாழ 22 பாகை விலகுகிறது. ஊர்கோளின் ஆரமும் அதுவே. தட்டையான படிகங்கள் கிடையாக மிதந்தால் ஞாயிற்றின் இருமருங்கும் போலி ஞாயிறுகள் ஒளிரும். சொரசொரப்பான படிகங்கள் வளையம் காட்டுவதில்லை. ஆனால் வழுவழுப்பானவற்றைக் காட்டிலும் கூடுதலான ஒளியை விண்வெளிக்கே திருப்பிவிடுகின்றன. ஆகவே, உயர்மேகம் புவியை எவ்வளவு குளிர்விக்கும் எனக் கணிப்போருக்குப் படிக வடிவம் இன்றியமையாததாயிற்று. நகாயா வரைந்த வரைபடத்தைப் பின்வந்தோர் சுழியத்திற்குக் கீழ் 70 பாகை வரை நீட்டித்துள்ளனர்.