சர் ஸையிதும் அவர்தம் ஆசிரியர்களும்

சர் ஸையித் அஹ்மத் கான் அவர்களைப் பற்றிப் பேசுவோர் அலிகர் கல்லூரியைக் கட்டிய கதையோடு நிறுத்தி விடுகிறார்கள். கட்டடம் பணமிருந்தால் எழும்பும். மதம், தேசம், பாஷை எல்லாம் வேறான ஆசிரியர்களை ஒரே இடத்தில் வைத்து அவர்கள் நடத்தியதையே நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

1817-இல் டில்லியில் பிறந்த அவர்கள் கம்பெனி சர்க்காரில் நீதி இலாகா உத்தியோகம் பார்த்தவர்கள். 1857-இன் நாசத்தைக் கண்ணால் கண்டபின், கல்வியே வழியென்று துணிந்தார்கள். 1875-இல் அலிகரில் பள்ளிக்கூடம் திறந்தபோது அவர்கள் காசியில் உத்தியோகத்திலிருந்தபடியால், அருகிருந்து கவனித்தவர் நண்பர் மௌலவி ஸமீயுல்லாஹ் கான். 1877-இல் கல்லூரிக்கு அஸ்திவாரமிடப்பட்டது.

சர் ஸையித் பிரின்சிபால் அல்லர், கவுரவக் காரியதரிசி. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது அவர்களே. 1883-இல் பிரின்சிபாலாக வந்த தியோடர் பெக்குக்கு வயது 24. அரபி, பார்ஸி கற்பிக்க மௌலானா ஷிப்லி வந்தார்கள். கணக்குக்கு வங்காளத்து ஹிந்துவான ஜாதவ் சந்திர சக்கரவர்த்தி. தத்துவத்துக்கு ஆங்கிலேயரான ஆர்னால்டு. ஷிப்லிக்குத் தம் பங்களா வளவிலேயே வீடு கொடுத்து, தம் புத்தகசாலையையும் திறந்து விட்டார்கள். அந்த நிழலில்தான் ஷிப்லி ஆர்னால்டுக்கு அரபி சொல்லிக் கொடுக்க, ஆர்னால்டு ஷிப்லிக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தார். 1892-இல் இருவரும் ஒரே கப்பலில் பிரயாணம் போனார்கள்.

மார்க்க விஷயத்தில் சர் ஸையிதின் சொந்த அபிப்பிராயங்களை உலமாக்கள் பலர் ஒப்பவில்லை. அவர்களும் தம் கருத்தைக் கல்லூரியில் புகுத்தவில்லை. ஸுன்னி பிள்ளைகளுக்கும் ஷீஆ பிள்ளைகளுக்கும் அவரவர் ஆலிம்களைக் கொண்டே பாடம் நடந்தது. அதில் தாம் தலையிடுவதில்லை என்று ஒதுங்கிக் கொண்டார்கள். முதலாளி தம் கையைத் தாமே கட்டிக்கொள்வது எவ்வளவு கஷ்டமென்று கடை நடத்தும் நமக்குத் தெரியும்.

சோதனை 1889-இல் வந்தது. தமக்குப் பின் ஆங்கிலேய ஆசிரியர்கள் நம்பிக்கையிழந்து போய் விடுவார்கள் என்றஞ்சி, அவர்களோடு இணங்கிப் போகக்கூடிய தம் மகன் ஸையித் மஹ்மூதை இணைக் காரியதரிசியாக்கினார்கள். அந்த ஆசிரியர்களுக்கு இத்தனை அதிகாரமா என்று ஸமீயுல்லாஹ் கான் எதிர்த்தார். தம் பக்கத்தாரோடு விலகியும் போனார். ஆசிரியரைக் காத்தது சரி. அதற்கு மகனைத்தான் வைத்திருக்க வேண்டுமா? பழைய கூட்டாளியை இழந்த நஷ்டம் சிறிதன்று என்பதே நம் எண்ணம்.

1895-இல் தலைமைக் குமாஸ்தா ஒருவர் கல்லூரிப் பணத்தில் லட்ச ரூபாய்க்கு மேல் கையாடியது வெளியாயிற்று. அந்த வேதனை நீங்காமலே 1898-இல் சர் ஸையித் வபாத்தானார்கள். அவ்வாண்டிலேயே ஷிப்லியும் அலிகரை விட்டார்கள். ஆர்னால்டு லாஹூருக்குப் போனார்; அங்கே அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் இக்பால்.