ஞாயிற்றுக்குக் கோபுரம் எடுத்த ஹேல்

அறிவியலுலகிலே புதிய உண்மை கண்டாரைப் போற்றும் நாம், அதனைக் காண்டற்குரிய கருவியை ஆக்கித் தந்தாரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். அத்தகையாருள் ஒருவரான யோர்ச் எலரி ஹேல் என்னும் பேரறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஹேல் 1868ஆம் ஆண்டு யூன் 29ஆந் திகதி அமெரிக்காவிலே சிக்காகோ நகரிற் பிறந்தார். மாடிக் கட்டடங்களுக்கு உயர்த்திகள் செய்து பொருளீட்டிய தந்தையார், மகனின் ஆர்வத்தை உணர்ந்து, தொலைகாட்டியும் ஆய்வுகூடமும் அமைத்துக் கொடுத்தார். ஞாயிற்றொளியிலிருந்து ஒரு நிறத்தை மாத்திரம் பிரித்து, அந்நிறத்திலேயே ஞாயிற்றைப் படம்பிடிக்கும் கருவியொன்றை ஹேல் 1889ஆம் ஆண்டிலே, மாணவராயிருந்தபோதே, எண்ணித் துணிந்தார்.

1904ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவிலுள்ள வில்சன் மலையில் ஞாயிற்று அவதான நிலையத்தை நிறுவினார். ஆங்கு முதலில் வைத்த தொலைகாட்டி நிலத்தையடுத்துக் கிடையாக இருந்தமையால், வெயிலிற் சூடேறிய காற்று உருவத்தைக் கலக்கியது. ஹேல் சோர்ந்தாரல்லர். 60 அடி உயரக் கோபுரமொன்றை எழுப்பி, உச்சியில் ஆடிகளை வைத்து, ஒளியை நேரே கீழிறக்கினார். நிறமாலைக் கருவியை நிலத்தடிக் குழியிலே குளிர்ச்சியான இடத்தில் வைத்தார். ஞாயிற்றின் கரும்புள்ளிகளிலே காந்தப்புலம் உண்டென்பதை 1908ஆம் ஆண்டில் அக்கோபுரத்தின் துணையாலே நிறுவினார்.

நரம்புத் தளர்ச்சியால் நெடுங்காலம் வருந்திய அவர், 1923ஆம் ஆண்டிலே தலைமைப் பதவியைத் துறந்தார்; ஆயினும் பணியைத் துறந்திலர். 200 அங்குலத் தொலைகாட்டிக்கு 1928ஆம் ஆண்டிற் பொருள் பெற்றார். அது 1948ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே திறக்கப்பட்டது. அவரோ 1938ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆந் திகதியே மறைந்துவிட்டார்.

1960ஆம் ஆண்டிலே இலெயிற்றன் என்னும் அறிஞர், அதே 60 அடிக் கோபுரத்தில், ஹேல் கண்ட கருவியையே திருத்தி அமைத்து, ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 நிமிடத்துக்கொருமுறை எழுந்து தாழ்வதைக் கண்டார். ஞாயிற்றினுள்ளே அடைபட்டு உலாவும் ஒலியலைகளே அதற்குக் காரணமென்பது 1970ஆம் ஆண்டுகளிலே தெளிவாயிற்று. குடத்தைத் தட்டி ஓசையால் அதன் தன்மையை அறிவதுபோல, அத்துடிப்பை அளந்து ஞாயிற்றின் உள்ளமைப்பை அறியும் தனித்துறையொன்று தோன்றியது. ஹேல் இதனைக் கனவிலும் கருதியிரார்.

கல்லூரிக்குக் கட்டடமும் நூலகமும் ஆய்வுகூடமும் ஆக்கித் தந்த முன்னோரை இவ்விழாவிலே நினைக்கின்றோம். அவற்றாற் பயன்பெற்றாரை அவருட் பலர் கண்டிலர். தாம் காணாத பயனுக்காக உழைத்த அப்பெரியோர் வழியே நாமும் செல்வோமாக.