மின்சாரக் கணக்கின் மேதை எடித் கிளார்க்

பொதிகை மலையடிவாரத்துப் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 ஆம் ஆண்டு முதல் நமக்கு ஒளி தந்து வருகிறது. எங்கள் ஊராகிய கங்கைகொண்டானுக்கு வடக்கே, கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. தெற்கே கூடங்குளத்தில் 1000 மெகாவாட் திறனுடைய அணு உலைகள் இரண்டு இயங்குகின்றன. இவை யாவும் ஒரே கம்பி வலையில் இணைந்து, வினாடிக்கு 50 அலை என்ற ஒரே தாளத்தில் மின்சாரம் தர வேண்டும். ஒன்று திடீரென்று நின்றால் மற்றவை தாங்குமா, தடுமாறுமா என்பதை முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும். அந்தக் கணக்குக்கு வழி வகுத்தவர்களுள் ஒருவர் எடித் கிளார்க் என்னும் அமெரிக்கப் பெண்மணி. கணிதம் பயிலும் மாணவியாகிய நான் அவருடைய வாழ்க்கையை நம் மலரில் எழுத விழைந்தது இதனாலேயே.

எடித் கிளார்க் 1883 ஆம் ஆண்டு பிப்ரவரி 10 ஆம் நாள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தார் பலர். 12 வயதில் தாய் தந்தை இருவரும் இல்லாத பிள்ளையானார். தமக்கையே அவரை வளர்த்தார். தம் பங்குக்கு வந்த குடும்பச் சொத்தைப் படிப்புக்கே செலவிட்டார். வாசர் கல்லூரியில் கணிதமும் வானியலும் பயின்று 1908 இல் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தார். பிறகு விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் கட்டடப் பொறியியல் படிக்கத் தொடங்கி, 1912 இல் அமெரிக்கத் தொலைபேசி, தந்திக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கு அவர் ஏற்ற வேலையின் பெயர் கம்ப்யூட்டர்! அந்நாளில் அச்சொல் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. நாள் முழுவதும் அமர்ந்து கையால் கணக்குப் போடும் மனிதரைக் குறித்தது. பொறியாளர் சமன்பாட்டை எழுதித் தருவார். கணக்கிடுவோர் விடை காண்பர். பகலில் அந்த வேலையைச் செய்துகொண்டே இரவில் மின்பொறியியல் பயின்றார் கிளார்க். 1919 இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவரே.

பட்டம் கிடைத்தது, பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் கணக்கிடும் பெண்களை மேற்பார்வை செய்யும் பணியே வாய்த்தது. அவர் சோர்ந்து விடவில்லை. நெடுந்தூர மின்கம்பிகளின் கணக்கில் வரும் கடினமான சமன்பாடுகளுக்கு எளிதில் விடை காண வரைபடக் கணிப்பான் ஒன்றை உருவாக்கி, 1921 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1925 இல் அது கிடைத்தது. இடையில் துருக்கி நாட்டுக்குச் சென்று மகளிர் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். 1922 இல் அவர் திரும்பியபோது அதே கம்பெனி அவரைப் பொறியாளராகவே அமர்த்தியது.

1926 இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் ஆய்வுரை படித்த முதற்பெண் என்ற பெருமையை அடைந்தார். நீண்ட கம்பியில் எவ்வளவு மின்சாரம் அனுப்பினால் மின்னாக்கிகள் தாளம் தவறாமல் இயங்கும் என்பதே அவ்வுரையின் பொருள். மும்முனை மின்சாரத்தின் ஒன்றோடொன்று பின்னிய மூன்று அளவுகளை, எளிதில் கையாளத்தக்க வேறு மூன்றாக மாற்றும் முறை இன்றும் கிளார்க் உருமாற்றம் என்றே வழங்குகிறது. அதன் சிறப்பு யாதெனில், கணக்கு எளிதாகிறது. ஆயினும் எதுவும் தொலைவதில்லை. வேண்டும்போது பழைய மூன்றையும் அப்படியே மீட்டுவிடலாம்.

இன்று அந்தக் கணக்குகளைக் கணிப்பொறி செய்கிறது. மின்வலையின் மாதிரியைக் கணிப்பொறியில் அமைக்கும்போது, ஒவ்வொரு மின்னாக்கிக்கும் பட்டியலில் ஒரு வரிசை உண்டு. அது எந்தத் துணைமின் நிலையத்தில் இணைந்துள்ளது, அதன் உச்சத்திறன் என்ன, இப்போது எவ்வளவு தருகிறது, ஓடுகிறதா நிற்கிறதா என்பனவெல்லாம் அதில் இருக்கும். பைத்தான் மொழியில் நாலைந்து வரிகள் எழுதினால், ஓடுபவற்றை மட்டும் நொடியில் பிரித்துத் தரும். சுளகில் நெல் புடைப்பது போன்ற வேலைதான் இது. பதர் பறக்க வேண்டும். மணி நிற்க வேண்டும்.

எது பதர் என்று சொல்வதில்தான் சிக்கல். கணக்குச் சுருங்கட்டும் என்று ஒரு மெகாவாட்டுக்குக் குறைந்தவற்றையெல்லாம் நீக்கச் சொன்னால், நிரல் தயங்காமல் நீக்கிவிடும். பழைய காற்றாலைகளில் கால் மெகாவாட் திறனுடையவை உண்டு. தனித்துப் பார்த்தால் அற்பம். 400 சேர்ந்தால் 100 மெகாவாட். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது அவற்றை விட்டுவிட்ட கணக்கு, பிழையின்றி ஓடி முடிந்தும் பொய்யே சொல்லும். ஆகவே ஒரே துணைமின் நிலையத்தில் சேரும் சிறியவற்றை எறியாமல், கூட்டி ஒரு மின்னாக்கியாகக் காட்டுவதே முறை. புடைப்பதற்கு முன்னும் பின்னும் மொத்த மெகாவாட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும். குறைந்த தொகை எங்கே போயிற்று என்று சொல்லவும் தெரிய வேண்டும். எளிமையாக்கு, ஆனால் தொலைத்துவிடாதே என்பதே கிளார்க்கின் வாழ்நாள் உழைப்பு நமக்குக் கற்பிக்கும் பாடம் எனலாம்.

மின்வலைக் கணக்குகள் பற்றிய அவருடைய பெருநூலின் முதற்பகுதி 1943 இல் வெளிவந்தது. 1947 இல் டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியரானார். பத்தாண்டுக் காலம் மாணவர்களுக்கு வழிகாட்டினார். 1959 அக்டோபர் 29 இல் மறைந்தார்.

நம் நாட்டிலும் 1940களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் அ. லலிதா மின்பொறியியல் பயின்று பொறியாளரானார். இளம் வயதிலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர் அவர்.

பெண் என்ற ஒரே குறிப்பைக் கண்டு கிளார்க்கைப் பொறியாளர் பட்டியலிலிருந்து நீக்கியது அக்காலச் சமுதாயம். அதுவும் ஒரு தவறான புடைத்தலே. மின்வலைக் கணக்கெல்லாம் பொறியியல் கல்லூரியார் பாடு, கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்று நம்மை நாமே பட்டியலிலிருந்து நீக்கிக்கொள்ள வேண்டா. கிளார்க் தொடங்கியதும் நம்மைப் போன்ற ஒரு கணித வகுப்பிலிருந்துதான்.